த்ரீ நாட் த்ரீ, .315: பழைய ராணுவத் துப்பாக்கிகளுக்குத் தோட்டாவை நாமே போட்டுக்கொள்வது பற்றி

பெரம்பூர்வாசி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். என் அண்ணன் பல வருஷமாக ஹூஸ்டனில் இருக்கிறார். பழைய ராணுவத் துப்பாக்கிகள் மேல் அவருக்குத் தீராத ஆசை. நம்ம ஊர் இஷாப்பூர் ஆலையில் செய்த 7.62 ரைஃபிளான 2ஏ1 ஒன்று, இங்கிலாந்தில் செய்த த்ரீ நாட் த்ரீயான (.303) லீ என்ஃபீல்டு நம்பர் 4 ஒன்று, இரண்டும் அவரிடம் இருக்கின்றன. சுட்டு முடித்த கூட்டில் மறுபடி மருந்தும் குண்டும் வைத்து (ரீலோடிங் என்கிறார்கள்), இரண்டுக்கும் தோட்டாவை அவரே கராஜில் உட்கார்ந்து போட்டுக்கொள்கிறார். போன தடவை போயிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

அதில் ஒரு விஷயம் மனதில் நின்றுவிட்டது. சுட்டு முடித்த பித்தளைக் கூடு ஒவ்வொன்றையும் எடுக்கிறார். நுனியை வளைத்த ஒரு மெல்லிய கம்பியை உள்ளே விட்டு, அடியிலிருந்து சுவரை ஒட்டியபடி மெதுவாக மேலே இழுக்கிறார். கம்பி எங்காவது தடுக்கினால் அந்தக் கூட்டை இடுக்கியால் நசுக்கித் தூக்கிப் போட்டுவிடுகிறார். வெளியே பார்த்தால் பளபளவென்று புதுசு மாதிரிதான் இருக்கிறது. ஏன் என்று கேட்டதற்கு, "அடுத்த தடவை அந்த இடத்தில் இரண்டாகப் பிரியும்" என்றார். எனக்கு முழுசாகப் புரியவில்லை.

இங்கே தாம்பரத்தில் என் சித்தப்பாவிடம் உரிமத்தோடு ஒரு .315 ரைஃபிள் இருக்கிறது. வயதாகிவிட்டது, அடுத்து என் பெயருக்கு மாற்றலாம் என்கிறார். அவரிடம் மிச்சமிருக்கும் தோட்டாக்கள் எல்லாம் தோல் பெல்ட்டில் செருகி வைத்தவை. பித்தளையில் பச்சை பூத்துவிட்டது. புதுத் தோட்டா தேடி அலைய வேண்டியிருக்கிறது. அண்ணன் செய்வதை நான் சென்னையில் செய்ய முடியுமா? சட்டம் என்ன சொல்கிறது? இன்னொன்று: போலீஸ்காரர்கள் காலம் காலமாகத் தோளில் மாட்டிய த்ரீ நாட் த்ரீ ஏன் பொதுமக்களுக்குக் கிடையாது, .315 மட்டும் ஏன் உண்டு?

வேப்பேரி வக்கீல்

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன்: செய்யாதீர்கள். தோட்டா போடும் மெஷினைக்கூட வாங்கி வைக்காதீர்கள்.

1959 ஆயுதச் சட்டத்தில் வைத்திருப்பது வேறு, தயாரிப்பது வேறு. உங்கள் சித்தப்பாவின் உரிமம் வைத்திருக்கவும் பயன்படுத்தவும்தான். 5ஆம் பிரிவின்படி துப்பாக்கியோ தோட்டாவோ தயாரிப்பதற்குத் தனி உரிமம் வேண்டும். அது இல்லாமல் தயாரித்தால் 25ஆம் பிரிவு பாயும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தபட்சத் தண்டனையே 7 வருஷம், அதிகபட்சம் ஆயுள். அப்புறம், சட்டம் "தோட்டா" என்று சொல்லும்போது முழுத் தோட்டாவை மட்டும் சொல்லவில்லை. அதன் பாகங்களும், அதைத் தயாரிக்கும் இயந்திரமும் அந்த விளக்கத்துக்குள் வருகின்றன. அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா போட மத்திய அரசு உரிமம் தேவையில்லை, விற்றால்தான் தேவை. அந்த நினைப்போடு இங்கே யாரும் இறங்கக் கூடாது.

இதை ஒட்டி ஒரு எச்சரிக்கை. அண்ணன் வீட்டிலிருந்து திரும்பும்போது ஞாபகார்த்தமாக ஒரு காலிக் கூட்டைக்கூடப் பையில் போட்டுக்கொண்டு மீனம்பாக்கத்தில் வந்து இறங்காதீர்கள். பெட்டியின் மூலையில் மறந்து கிடந்த ஒற்றைத் தோட்டாவுக்காக விமான நிலையத்தில் பிடிபட்டு, வழக்கை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றம் வரை போனவர்கள் ஏராளம். தெரிந்தே வைத்திருந்தாரா என்பதுதான் கேள்வி என்று குன்வந்த்லால் வழக்கில் 1972இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தெரியாமல் வந்தது என்றால் தப்பிக்கலாம். ஆசையாக எடுத்து வந்தது என்றால் அந்த வாதமும் போச்சு.

த்ரீ நாட் த்ரீ பற்றி: .303, 7.62 ராணுவத் தோட்டாக்களைப் போட்டுச் சுடக்கூடிய ரைஃபிள்கள் தடை செய்யப்பட்ட போர் (bore, அதாவது குழலின் உள் அளவு) வகையில் வருகின்றன. அதற்கு உரிமம் தருவது டெல்லியில் உள்துறை அமைச்சகம். .315 அந்த வகையில் இல்லை. அதனால் சென்னை மாநகரில் போலீஸ் கமிஷனரே உரிமம் தரலாம், மாவட்டங்களில் கலெக்டர்.

ஹூஸ்டன் அண்ணன்

தம்பி இழையைத் தொடங்கியிருக்கிறான் என்று இப்போதுதான் பார்த்தேன். வக்கீல் சார் சொன்னதை அப்படியே கேள், தம்பி. நீ என்னிடம் பார்த்தது இந்த ஊர் சட்டத்துக்குள் நடப்பது.

கம்பி விஷயத்தை விளக்குகிறேன். பழைய துப்பாக்கிக்குத் தோட்டா போடுகிறவனுக்கு அதைவிட முக்கியமான பாடம் வேறு எதுவும் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

த்ரீ நாட் த்ரீ தோட்டாவுக்கு அடியில் விளிம்பு உண்டு. தோட்டா, குழலின் பின்முனையில் அது உட்காரும் அறைக்குள் எவ்வளவு தூரம் போய் நிற்க வேண்டும் என்பதை அந்த விளிம்புதான் தீர்மானிக்கிறது. விளிம்பு சரியாக உட்கார்ந்தால் போதும் என்பதால் அறையின் முன்பகுதியைத் தாராளமாகக் கடைந்து வைத்தார்கள். முதல் உலகப் போரில் பதுங்குகுழிச் சேறு படிந்த தோட்டாவும் உள்ளே போக வேண்டும், அதுதான் அவர்கள் கவலை. ஒருமுறை சுட்டுவிட்டு அந்தப் பித்தளையைப் பொறுக்கி மறுபடி உபயோகிக்கும் ஆசாமியைப் பற்றி அந்த எஞ்சினியர்கள் யோசிக்கவே இல்லை.

சுடும்போது என்ன நடக்கிறது? கூட்டின் முன்பாதி மெல்லியது. அது உப்பி அறைச் சுவரைக் கவ்விக்கொள்கிறது. அடிப்பாகம் தடிமன். அது பின்னால் போல்ட்டை (அறையைப் பின்னாலிருந்து மூடும் இரும்புத் தண்டை) நோக்கித் தள்ளப்படுகிறது. லீ என்ஃபீல்டில் போல்ட்டைப் பூட்டும் காதுகள் பின்பக்கம் இருக்கின்றன. ஜெர்மன் மவுசர் துப்பாக்கியில் முன்பக்கம். அதனால் லீ என்ஃபீல்டு கொஞ்சம் கூடுதலாக நீண்டு கொடுக்கும். முன்பாதி பிடித்துக்கொள்ள, பின்பாதி நகர, இரண்டுக்கும் நடுவே அடித் தடிமன் முடியும் இடத்தில் பித்தளை இழுபட்டு மெலிகிறது. அப்புறம் நாம் அந்தக் கூட்டை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்கே முழுசாகக் கொண்டுவந்தால், அடுத்த சூட்டில் அதே இடம் மறுபடி இழுபடும். ஒரு கம்பியை ஒரே இடத்தில் மாற்றி மாற்றி வளைத்தால் அறுந்துவிடுவது போலத்தான். வெளியே மெல்லிய பளபளப்பான வளையம் ஒன்று தெரியும், சில சமயம் அதுவும் தெரியாது. உள்ளே பள்ளம் விழுந்திருக்கும். நீ பார்த்த கம்பி தடுக்கியது அந்தப் பள்ளத்தில்தான்.

அப்படியே விட்டால் ஒருநாள் போல்ட்டை இழுக்கும்போது அடி மட்டும் கையோடு வரும், முன்பாதி அறைக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். வெடிவாயு பின்பக்கமாக முகத்துக்கும் வரலாம். கண்ணாடி போடாமல் நான் சுடுவதை நீ பார்த்திருக்க மாட்டாய்.

இதற்கு வழி, கூட்டின் கழுத்தை மட்டும் சரிசெய்வது. உடம்பை அது உப்பிய அளவிலேயே விட்டுவிட வேண்டும். அப்போது கூடு அந்த ஒரு துப்பாக்கியின் அறைக்கே அளவெடுத்ததாகிவிடும். இன்னொன்றில் போகாது, போகவும் கூடாது. அதனால்தான் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனி டப்பா வைத்து மேலே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

குழலும் இப்படித்தான். .303 என்று பெயர் இருந்தாலும் குண்டின் அளவு .311 அங்குலத்துக்கு மேல். குழலின் உட்பள்ளங்கள் போர்க்காலத் தயாரிப்பில் இன்னும் அகலமாக இருக்கும், துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். மெத்தென்ற ஈயத் துண்டை எண்ணெய் தடவிக் குழலுக்குள் தள்ளி, வெளியே வந்ததை மைக்ரோமீட்டரில் அளந்த பிறகுதான் எந்தக் குண்டு என்று முடிவு செய்ய வேண்டும். வெடிமருந்தின் அளவை மருந்துக் கம்பெனியும் குண்டுக் கம்பெனியும் போடும் அட்டவணைப் புத்தகத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். இணையத்தில் யாரோ எழுதியதை வைத்து ஒருவரும் மருந்து போடக் கூடாது. அதனால் நானும் இங்கே ஒரு எண்ணும் எழுத மாட்டேன், கேட்காதீர்கள்.

அருவங்காடு

தம்பிகளுக்கு வணக்கம். அருவங்காடு கார்டைட் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று இப்போது மேடவாக்கத்தில் இருக்கிறேன். த்ரீ நாட் த்ரீ பேச்சு என்றால் சும்மா இருக்க முடியவில்லை.

அந்தத் தோட்டா 1888இல் வந்தபோது அதில் கரிமருந்துதான். 1891இல்தான் கார்டைட் என்ற புகையில்லா மருந்து வந்தது. ஆபெல், டுவர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது. நைட்ரோகிளிசரினையும் வெடிபஞ்சையும் கொஞ்சம் வாசலினையும் அசிட்டோன் விட்டுப் பிசைந்து, இடியாப்ப உரலில் பிழிகிற மாதிரி அச்சு வழியாக நூல் நூலாக இழுப்பார்கள். தூள் கிடையாது. தோட்டாவுக்குள் கொட்டுவதில்லை, கட்டாக வைப்பார்கள். கழுத்துச் சிறுத்த கூட்டுக்குள் கட்டு எப்படிப் போகும்? அதனால் கூட்டை நேர்க்குழாயாகவே வைத்திருந்து, கார்டைட் கட்டை இறக்கி, மேலே ஒரு அட்டை வில்லையும் வைத்த பிறகுதான் கழுத்தைச் சிறுக்க வைப்பார்கள். உள்ளே வெடிமருந்து இருக்கும்போதே பித்தளையை அச்சில் அழுத்துவது! இதை வீட்டு மேஜையில் யாரும் செய்ய முடியாது. பழைய தோட்டாவைப் பிரித்தால் கார்டைட் வெளியே வரும், திரும்பப் போகாது.

ஆரம்பக் கார்டைட்டில் நைட்ரோகிளிசரின் நூற்றுக்கு 58 பங்கு. எரிசூடு பயங்கரம். லீ மெட்ஃபோர்டு துப்பாக்கியின் ஆழம் குறைந்த, விளிம்பு மழுங்கிய உட்பள்ளங்களை அது சீக்கிரமே அரித்துவிட்டது. அதனால் 1895இல் ஆழமான ஐந்து பள்ளம் கொண்ட என்ஃபீல்டு குழல் வந்தது. லீ மெட்ஃபோர்டு லீ என்ஃபீல்டு ஆன கதை இதுதான். பிறகு நைட்ரோகிளிசரினை 30க்குக் குறைத்து எம்.டி. கார்டைட் கொண்டுவந்தார்கள். ஹூஸ்டன் தம்பி குழலுக்குக் குழல் அளவு மாறும் என்று சொன்னாரே, அதில் ஒரு பங்கு கார்டைட் தின்ற கணக்கு.

எங்கள் ஆலை 1903இல் தொடங்கியது. ஊட்டி மலை ரயிலில் வெலிங்டனுக்கும் கேத்திக்கும் நடுவே அருவங்காடு ஸ்டேஷன் வரும். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால் ஆலைப் பகுதி தெரியும். இப்போது மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. தோட்டா புனே பக்கத்துக் கிர்கியில் ஆனது. அடியில் கே.எஃப். என்று முத்திரை இருந்தால் அது கிர்கி. ஊட்டிக்குப் போகிறவர்கள் எல்லோரும் தாண்டிப் போகும் ஒரு சின்ன ஸ்டேஷனுக்குப் பின்னால் இத்தனை சரித்திரம் இருக்கிறது, நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தம்.

எழும்பூர் ரேஞ்ச்

ஐயா எழுதியது அருமை. ஆனால் வக்கீல் சார் போடும் முழு முற்றுப்புள்ளியை என்னால் ஏற்க முடியவில்லை. நான் போட்டிகளில் சுடுகிறேன். 300 மீட்டர் பெரிய போர் ரைஃபிளில் உலக அளவில் சுடுகிறவர்களில் பலர் தங்கள் குழலுக்கு ஏற்ற தோட்டாவைத் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள். ஒரே டப்பாவில் இரண்டு தோட்டா ஒரே மாதிரி இல்லையென்றால் எத்தனை வருஷப் பயிற்சியும் வீண். வீட்டில் வேண்டாம், சரி. கிளப் வளாகத்தில், பூட்டிய அறையில், பதிவேட்டோடு, போலீஸ் ஆய்வுக்கு உட்பட்டு அனுமதித்தால் என்ன குறைந்துவிடும்? ஆபத்து என்று சொல்லியே ஒரு விளையாட்டின் பாதியை நமக்கு மூடி வைத்திருக்கிறார்கள்.

வேப்பேரி வக்கீல்

உங்கள் ஆதங்கம் நியாயமானதுதான். அதை விதியை மாற்றச் சொல்லி மனுவாகக் கொடுங்கள், நானே எழுதித் தருகிறேன். இருக்கிற விதியில் ஓட்டை இருப்பதாக நினைத்து யாராவது உள்ளே கை விட்டால்தான் பிரச்சினை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போர் அளவை வைத்துத் தடை போடுவது வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம். பழைய மார்ட்டினி ஹென்றித் துப்பாக்கிகளுக்கு குண்டு போய்ச் சேரக் கூடாது என்று 1907 வாக்கில் இந்தியாவிலும் சூடானிலும் .450 போரைத் தடுத்தார்கள். அதனால்தான் இங்கிலாந்தின் துப்பாக்கிக் கம்பெனிகள் .470 போன்ற புது அளவுகளையே உருவாக்கின. உங்கள் சித்தப்பாவின் .315 வந்ததும் இதே வழியில்தான். அது ஆஸ்திரியாவின் 8 மில்லிமீட்டர் மான்லிக்கர் ராணுவத் தோட்டா. பிரிட்டிஷ் படை உபயோகிக்காதது என்பதால் இங்கே பொதுமக்களுக்கு அனுமதித்தார்கள். இஷாப்பூரில் இன்றும் அந்த அளவில் செய்கிறார்கள்.

பழைய என்.சி.சி.

என்.சி.சி. முகாமில் த்ரீ நாட் த்ரீ சுட்டவன் நான். தோள்பட்டை இரண்டு நாள் வலிக்கும், அது இருக்கட்டும். இரண்டு விஷயம்.

அந்தக் காலத்துத் தோட்டாவின் பிரைமரில் (அடியில் இருக்கும், தட்டினால் பற்றிக்கொள்ளும் சின்ன மூடி) பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்ட பிறகு குழலுக்குள் படிவது கிட்டத்தட்ட சமையல் உப்பு மாதிரியே ஒரு உப்பு. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். சென்னைக் காற்றில் ஒரு ராத்திரி போதும், காலையில் குழலுக்குள் செந்துரு தெரியும். உப்பு எண்ணெயில் கரையாது. அதனால் எண்ணெய் மட்டும் போட்டுத் துடைத்தால் பிரயோஜனமில்லை. முதலில் கொதிநீரை அறைப் பக்கத்திலிருந்து புனல் வைத்து ஊற்ற வேண்டும். குழல் சூடாவதால் தானே உலர்ந்துவிடும். அப்புறம் புல் த்ரூவில் (குழலுக்குள் விட்டு இழுக்கும் கயிறு) ஃபிளானல் துணி கோர்த்து இழுத்து, துணி சுத்தமாக வந்த பிறகு எண்ணெய். எங்கள் சுபேதார் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். சாம்பல் நிறம் லேசாகத் தெரிந்தாலும் மறுபடி முதலிலிருந்து.

இரண்டாவது, 2ஏ1 பற்றி ஒரு சந்தேகம். பழைய த்ரீ நாட் த்ரீயின் குழலை மட்டும் மாற்றி 7.62க்கு ஆக்கினது, அதனால் வலு போதாது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அண்ணன் அதில் தோட்டா போட்டுச் சுடுவது சரியா?

ஹூஸ்டன் அண்ணன்

இந்த வதந்தி இங்கேயும் உண்டு சார். 2ஏ1 பழையதை மாற்றியது இல்லை. 1962 சீனப் போருக்குப் பிறகு, 7.62 ரைஃபிள்கள் எல்லோருக்கும் போய்ச் சேரும்வரை கையில் கொடுக்க, இஷாப்பூரில் புதிதாகவே செய்தது. உருவம் பழைய த்ரீ நாட் த்ரீயான லீ என்ஃபீல்டு நம்பர் 1 மார்க் 3தான். ஆனால் 7.62இன் அழுத்தத்துக்காக உருக்கை மாற்றினார்கள், 12 தோட்டா கொள்ளும் புது மேகஸின் (தோட்டாப் பெட்டி) வைத்தார்கள். அப்படியிருந்தும் பின்பூட்டு போல்ட் பின்பூட்டுதானே? அதனால் நான் அதற்கு மிதமாகத்தான் போடுகிறேன். அட்டவணையின் உச்சிக்கு அதைக் கொண்டுபோகும் நண்பர்களோடு எனக்குச் சண்டையே வந்திருக்கிறது. அறுபது வருஷத் துப்பாக்கியிடம் வேகத்தைக் கேட்பதில் அர்த்தம் இல்லை. அது எந்தத் தோட்டாவுக்கு ஒரே இடத்தில் துளை போடுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் இந்தக் கைவேலையின் இன்பமே.

ஒவ்வொரு பழைய துப்பாக்கிக்கும் இப்படி ஒரு குணம் உண்டு. அமெரிக்க ராணுவத்தின் எம்1 காரண்ட் ரைஃபிளில், வெடிவாயு தள்ளி இயக்கும் நீள ராடு இருக்கிறது. மெதுவாக எரியும் மருந்தைப் போட்டால் குண்டு நன்றாகவே போகும், ராடு வளைந்துவிடும். அதன் ஃபயரிங் பின் (பிரைமரைத் தட்டும் ஊசி) சுதந்திரமாக ஆடும் என்பதால் மெல்லிய பிரைமரும் ஆகாது, போல்ட் மூடும்போதே வெடிக்க வாய்ப்பு. ஜெர்மன் மவுசரில் 1905க்கு முந்தைய குழலுக்குக் குண்டு .318, பிந்தையதற்கு .323. துப்பாக்கியின் முத்திரையைப் பார்க்காமல் தோட்டாவை மட்டும் பார்த்துப் போட்டால் குறுகிய குழலில் பெரிய குண்டு. என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பெரம்பூர்வாசி

எல்லோருக்கும் நன்றி. சட்டப்படி வழியில்லை என்பது தெளிவாகிவிட்டது. ரீலோடிங் யோசனையை விட்டுவிட்டேன். அந்தப் பச்சை பூத்த தோட்டாக்களை என்ன செய்ய? துடைத்துவிட்டுச் சுடலாமா? குண்டைப் பிடுங்கி மருந்தை மட்டும் கொட்டிவிடலாமா என்கிறார் சித்தப்பா.

அருவங்காடு

தயவுசெய்து இரண்டும் வேண்டாம் தம்பி. தோலைப் பதனிடும் சரக்கில் உள்ள அமிலம்தான் பித்தளையில் பச்சை பூக்க வைக்கிறது. மேலே மட்டும் படிந்திருந்தால் துடைத்தால் போகும். ஆனால் கழுத்தில் எவ்வளவு ஆழம் அரித்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. உள்ளே மருந்துக்கும் வயதாகும். நைட்ரோ மருந்து கெடும்போது அமிலப் புகை விடும், அது பித்தளையை உள்ளிருந்து தின்னும். சென்னை வெயிலில் ஓட்டு வீட்டுப் பரணில் கிடந்தால் இன்னும் வேகமாக.

பிடுங்கிக் கொட்டுவது அதைவிட மோசம். பிரைமர் உள்ளேயே இருக்கும். தவிர, வக்கீல் தம்பி சொன்னபடி அதுவும் தோட்டாவின் பாகத்தைக் கையாள்வதுதான்.

எப்போதாவது ரேஞ்சில் பழைய தோட்டாவை இழுத்து ஒன்றும் ஆகவில்லையென்றால், குழலை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு அரை நிமிஷமாவது காத்திருங்கள். பழைய பிரைமர் தாமதமாகப் பிடித்து வெடிப்பது உண்டு. உடனே போல்ட்டைத் திறப்பதுதான் ஆபத்து.

வேப்பேரி வக்கீல்

கெட்ட தோட்டாவைக் கிணற்றிலோ கூவத்திலோ போட்டுவிட்டு வந்தேன் என்று சொல்லும் கட்சிக்காரர்கள் எனக்கு உண்டு. அப்படியும் செய்யாதீர்கள். வாங்கின கணக்கு உரிமப் புத்தகத்தில் இருக்கிறது, எங்கே போனது என்று ஒருநாள் கேட்பார்கள்.

சித்தப்பாவே, உரிமம் அவர் பெயரில் இருப்பதால், எத்தனை தோட்டா, என்ன முத்திரை என்று எழுதி, உபயோகிக்க முடியாத நிலையில் இருப்பதால் ஒப்படைக்கிறேன் என்று அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் மனு கொடுக்கட்டும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வர வேண்டாம். நீங்கள் அவற்றைத் தனியாகக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், உங்களுக்கு உரிமம் இல்லை.

பெயர் மாற்றத்துக்கு 2016 ஆயுத விதிகளில் வழி இருக்கிறது. உரிமதாரருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, துப்பாக்கி அவரிடம் 25 வருஷம் இருந்திருந்தாலோ, உயிரோடிருக்கும்போதே சட்டப்படியான வாரிசுக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். சித்தப்பாவுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா? இருந்தால் அவர்களுடைய ஆட்சேபணையின்மைக் கடிதத்தை முதலில் வாங்குங்கள். அண்ணன் தம்பி மகன் என்ற உறவு வாரிசு வரையறைக்குள் வருமா என்பதைக் காகிதங்களைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். உரிமப் புத்தகத்தின் முதல் பக்கத்தையும் கடைசியாகப் புதுப்பித்த பக்கத்தையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், எண்களை இந்த இழையில் போடாதீர்கள்.